கழுவ முடியாத உள்ளங்கைக்கு எந்தக் கிரேடு?

பெங்களூரு நீலசந்திராவில் பக்கவாதம் வந்தவர் இருக்கும் வீட்டிலும், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை வளரும் வீட்டிலும், பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு ஃபைலைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரைச் சீட்டு எல்லாம் அதில் அடுக்கடுக்காக இருக்கும். தசை விறைப்பைப் பற்றி அதில் தேடினால் பெரும்பாலும் ஒரே வரிதான் அகப்படும்: 'வலது ஹெமிப்ளீஜியா, ஸ்பாஸ்டிசிட்டி கிரேடு 2.' எந்தப் பக்கம் விறைப்பு, எவ்வளவு விறைப்பு என்று எழுதியாகிவிட்டது. ஆகவே வகைப்படுத்தியாகிவிட்டது என்பதுதான் இன்று நிலவும் எண்ணம். பாடப்புத்தகம் அப்படிச் சொல்லிக்கொடுக்கிறது, தேர்வில் அப்படிக் கேட்கிறார்கள். பெற்ற தாய்மார்கூட அந்த ஆங்கிலப் பெயரையும் எண்ணையும் மனப்பாடம் செய்து அடுத்த மருத்துவரிடம் ஒப்பிக்கிறார்கள்.

இந்த எண்ணம் தவறு. விறைப்பு உடம்பில் எங்கே இருக்கிறது, மடக்கிப் பார்க்கும் கையை எவ்வளவு எதிர்க்கிறது என்பவை துணைத் தகவல்கள். அது அந்த மனிதருக்கு என்ன செய்கிறது, எதைப் பறித்திருக்கிறது, எதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்பதுதான் முதலில் எழுத வேண்டியது. அதை எழுதாத சீட்டு வைத்தியத்தைத் தவறான திசையில் அனுப்பிவிடுகிறது. வீடுகளுக்குப் போய் பிசியோதெரபி செய்யும் வேலையில் இருப்பதால் அந்தத் தவறான திசையின் முடிவு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

விறைப்பு என்பது என்ன? மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் கட்டளைப் பாதை அடிபட்டால், தசையை நீட்டும்போது அது தானாகச் சுருங்கும் அனிச்சைச் செயல் கட்டுப்பாடு இழக்கிறது. மெதுவாக நீட்டினால் கொஞ்சம் இணங்கும். வேகமாக நீட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் 1980-இல் வகுத்த வரையறையின் உயிர்நாடி இந்த வேகச் சார்புதான். 2005-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் அதை விரித்து, விட்டுவிட்டோ தொடர்ந்தோ தன்னிச்சையில்லாமல் தசை இயங்குவதையெல்லாம் உள்ளே கொண்டுவந்தார்கள். இரண்டு வரையறைகளும் தசைக்கும் நரம்புக்கும் இடையே நடப்பதைத்தான் சொல்கின்றன. அந்தத் தசையை வைத்துக்கொண்டு வாழ்கிறவர் இரண்டிலும் இல்லை. வரையறைக்கு அது குறையாகாது. வகைப்பாட்டிலும் அவர் இல்லாமல் போவதுதான் குறை.

கிரேடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இந்தக் குறை இன்னும் விளங்கும். 1964-இல் பிரையன் ஆஷ்வொர்த் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் நோயாளிகளுக்கு ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார். மருந்து வேலை செய்கிறதா என்று கணிக்க 0 முதல் 4 வரை ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டார். 1987-இல் பொஹானன், ஸ்மித் என்ற இருவர் அதில் '1+' என்று ஒரு படியைச் சேர்த்து, 30 நோயாளிகளின் முழங்கையை மடக்கும் தசைகளில் சோதித்தார்கள். முழங்கைக்குச் சோதித்த அந்த அளவுகோல் இன்று இடுப்பு, முழங்கால், கணுக்கால், விரல் என்று உடம்பு முழுவதையும் அளக்கிறது. நோயாளியைப் படுக்க வைத்து, சும்மா இருக்கச் சொல்லி, அளக்கிறவர் தன் கையில் உணரும் எதிர்ப்புக்கு எண் போடுகிறார். நோயாளி எழுந்தால், நடந்தால், பயந்தால், குளிர்ந்தால் அந்த எண் அப்படியே நிற்காது. டிசம்பர், ஜனவரி காலைக் குளிரில் இந்த ஊர் நோயாளிகளின் கை கால் எப்படி முறுக்கிக்கொள்கிறது என்று அவரவர் வீட்டில் கேட்டால் தெரியும்.

ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். பக்கவாதம் வந்து நாளான ஒரு பெரியம்மா. சீட்டில் வலது ஹெமிப்ளீஜியா, கிரேடு 2. அந்த 2 முழங்கையின் கிரேடு. முழங்கையால் அந்த வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லை. தொந்தரவெல்லாம் மூடிய விரல்களுக்குள். கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற நான்கு விரலும் அதன்மேல் இறுகியிருக்கும். நகம் உள்ளங்கையில் பதிந்து பிறை பிறையாகத் தடம். விரல் இடுக்கில் தோல் ஊறி வெளுத்து, வாடை வீசும். மருமகள் ஈரத்துணியைத் திரித்து ஊசியில் நூல் கோக்கிற மாதிரி ஒவ்வொரு இடுக்காக நுழைப்பார். "விரிச்சா அத்தை கத்துறாங்க அக்கா. விரிக்காம எப்படிக் கழுவுறது?" என்று கேட்டார். மணிக்கட்டை முதலில் கீழ்ப்பக்கம் மடக்கினால் விரல்களை இழுக்கும் தசைநாண் தளரும், அப்புறம் கட்டைவிரலை அடியிலிருந்து வெளியே எடுக்கலாம், விரல் நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று காட்டினேன். இதற்கு மாத்திரையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஆனால் மருத்துவமனைக்குப் போய்வந்த இத்தனை நாளில் இதை யாரும் காட்டித்தரவில்லை. காரணம், உள்ளங்கையைக் கழுவ முடியவில்லை என்பது ஃபைலில் எங்குமே எழுதப்படவில்லை. எழுதாத பிரச்சினைக்கு யார் வைத்தியம் செய்வார்?

இடத்தை வைத்துப் பிரிப்பதைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விறைப்பு ஓரிரு தசையில் மட்டும் இருந்தால் போட்டுலினம் ஊசியோ, அதைவிட மலிவான ஃபீனாலோ அந்த இடத்தில் போடலாம். உடம்பு முழுக்கப் பரவியிருந்தால் பேக்லோஃபென், டைசானிடின் மாத்திரைகள். அதுவும் போதாத சிலருக்கு முதுகுத்தண்டுக்குள் மருந்து செலுத்தும் பம்ப். எந்த வழியில் மருந்தைக் கொண்டுபோவது என்பதை இடம்தான் தீர்மானிக்கிறது. ஒரு பக்கமா, இரு பக்கமா என்பது மூளையில் அடி எங்கே விழுந்தது என்றும் ஊகிக்க உதவுகிறது. ஆனால் மருந்து வேண்டுமா, எதற்காக வேண்டும், கொடுத்தபின் பலித்ததா என்ற மூன்று கேள்விக்கும் இடம் பதில் சொல்லாது.

மூளை முடக்குவாதத்திலேயே இதைப் பார்க்கலாம். கைகளைவிடக் கால்களில் விறைப்பு அதிகமிருந்தால் டைப்ளீஜியா, நாலு கை காலிலும் இருந்தால் குவாட்ரிப்ளீஜியா என்று பிரிக்கிறார்கள். கையில் எவ்வளவு விறைப்பு வந்தால் முதலாவது இரண்டாவதாகிறது? மருத்துவருக்கு மருத்துவர் பதில் மாறியது. ஐரோப்பிய நாடுகளின் மூளை முடக்குவாதப் பதிவேடுகள் ஒன்றுசேர்ந்தபோது, 2000-இல், இந்தச் சண்டையே வேண்டாமென்று 'ஒரு பக்கம்', 'இரு பக்கம்' என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டன. டைப்ளீஜியா என்று ஒரே பெயர் வாங்கிய குழந்தைகளில் பள்ளி மைதானத்தில் ஓடுகிற பிள்ளையும் உண்டு, தூக்கினால்தான் நகரும் பிள்ளையும் உண்டு. இருவருக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, ஒரு தாயின் கேள்விக்கு மற்ற தாயின் பதிலைக் கொடுக்கிறோம்.

விளைவை வைத்து வகைப்படுத்துவது மேல்நாட்டுப் புது மோகம் என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். அது உண்மைக்கு மாறானது. கேசரி பருப்பைத் தொடர்ந்து தின்று கால் விறைத்துப்போகும் லத்தீரிசம் என்ற நோய் மத்திய இந்தியாவில் பஞ்சக் காலங்களில் ஊர் ஊராக மனிதரை முடக்கியது. மருத்துவர் எச். டபிள்யூ. ஆக்டன் 1922-இல் இந்த நோயாளிகளைப் பிரித்த விதத்தைப் பாருங்கள்: கம்பு இல்லாமல் நடக்கிறவர், ஒற்றைக் கம்பு ஊன்றுகிறவர், இரட்டைக் கம்பு ஊன்றுகிறவர், தவழ்கிறவர். அங்கே இடத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது. எல்லோருக்கும் விறைத்தது இரண்டு கால்கள்தான். பலருக்கும் தொடைகள் ஒன்றையொன்று கத்தரிக்கோல் போலக் குறுக்கிட்டன, நடக்க முடிந்தவர்கள் முன்பாதத்தில்தான் நடந்தார்கள். ஒருவர் கழனிக்குப் போய் வேலை செய்ய முடிவதும் இன்னொருவர் மண்ணில் கைகளை ஊன்றித் தவழ்வதுமே வேறுபாடு. ஆக்டன் அதையே வகையாக எழுதினார். கிராமத்தில் யாரும் அதைப் படித்துக் காட்டாமலே புரிந்துகொள்வார்கள். அந்தப் பருப்பின் நரம்பு நஞ்சைப் பிரித்தெடுத்து அடையாளம் காட்டிய ஆய்வுகளில் ஒன்று நம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடந்தது. ராவ், அடிகா, சர்மா மூவரும் அதை வெளியிட்டது 1964-இல். ஆஷ்வொர்த் தன் எண்களை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். இந்த நாட்டு விறைப்பு நோய்க்கு அதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்பே கம்புக் கணக்கு இருந்தது.

அடுத்து, இந்த எண்ணத்தின் மிக ஆபத்தான பகுதிக்கு வருகிறேன். கிரேடு என்று ஒன்றை எழுதிவிட்டால் அதைக் குறைப்பதே வைத்தியம் என்று தோன்றிவிடுகிறது. 3 என்பது 1 ஆனால் வெற்றி. ஆனால் விறைப்பு எப்போதும் எதிரி இல்லை. பக்கவாதத்தில் கால் பலவீனமாகிறது. அந்தப் பலவீனத்தின்மேல் விறைப்பு வருகிறது. முழங்காலை நீட்டி வைக்கும் விறைப்பு பலருக்குத் தூணாக நிற்கிறது. தசைக்குச் சொந்த பலம் இல்லாத இடத்தில் அந்த விறைப்பின்மேல்தான் உடம்பின் பாரம் இறங்குகிறது.

நீலசந்திராவின் வீடுகளை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். சின்ன மனையில் மாடிமேல் மாடியாக எழுப்பிய வீடுகள். படிக்கட்டு ஓர் ஆள் அகலம், செங்குத்து, பல இடத்தில் கைப்பிடி இல்லை. இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்த ஒருவர், பெயின்டிங் வேலை செய்தவர், விறைத்த காலை வீசிப்போட்டு, சுவரில் தோளைச் சாய்த்து, தினமும் இறங்கி டீக்கடைக்குப் போய்வந்தார். மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். விறைப்பு நன்றாகக் குறைந்தது. படியில் கால் வைத்ததும் முழங்கால் மடிந்தது. பகலெல்லாம் தூக்கக் கலக்கம் வேறு. கிரேடு இறங்கியது என்று ஃபைலில் முன்னேற்றமாக எழுதியிருந்தது. அவர் வீட்டை விட்டே இறங்கவில்லை. மாத்திரைக்கு இடம் தெரியாது. கைக்கு வேண்டுமென்று கொடுத்தது காலையும் தளர்த்தும். அவர் அந்தக் காலை எதற்குப் பயன்படுத்துகிறார் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அளவைக் கூட்டியிருக்க மாட்டார்கள். பேக்லோஃபெனை வீட்டாரே பயந்து சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. வலிப்பு வரைக்கும் போகலாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எண் குறைந்தால் செயல் கூடும் என்பது ஆய்விலும் நிற்கவில்லை. பக்கவாதத்தால் கை விறைத்த 333 பேருக்கு பிரிட்டனில் நடந்த போட்டுலினம் ஊசி ஆய்வு 2011-இல் வெளியானது. விறைப்பு குறைந்தது. ஆனால் ஆய்வின் முதன்மை அளவீடான, பொருளைப் பிடித்துத் தூக்கி வைக்கும் திறனில் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு வரவில்லை. பலன் கிடைத்தது வேறு இடத்தில்: உள்ளங்கையைச் சுத்தம் செய்வது, சட்டைக் கையை மாட்டுவது போன்ற காரியங்களில். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஊசிக்குப் போகிற குடும்பத்துக்கும், 'கை பழையபடி வேலை செய்யும்' என்று நம்பிக் கடன் வாங்கி ஊசி போடும் குடும்பத்துக்கும் உள்ள வேறுபாடு சாதாரணமானதில்லை. ஊசியின் பலன் ஏறக்குறைய மூன்று மாதம். அதன்பின் மறுபடி போட வேண்டும். எதற்காகப் போடுகிறோம் என்று எழுதாமல் போட்டால், பலித்ததா இல்லையா என்று சொல்லவும் வழியில்லை.

உயர்ந்த கிரேடு இருக்கும் இடத்தில் அது விறைப்புதானா என்பதே சந்தேகம். வருடக்கணக்கில் மடங்கியே கிடந்த தசை குட்டையாகிவிடும். மூட்டைச் சுற்றிய சவ்வும் இறுகிவிடும். அது நரம்பின் வேலை இல்லை, மருந்துக்கு மசியாது. மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டு நீட்டவோ அறுவை சிகிச்சை செய்யவோ வேண்டும். ஆஷ்வொர்த் எண் இரண்டையும் ஒரே 3, ஒரே 4 என்றுதான் காட்டும். பிரான்சில் டார்டியூ என்பவர் 1954-லேயே ஒரு வழி சொன்னார்: மெதுவாக நீட்டி எதுவரை போகிறது என்று பார், வேகமாக நீட்டி எங்கே பிடிக்கிறது என்று பார். இரண்டு கோணத்துக்கும் இடைவெளி பெரிதாயிருந்தால் மருந்துக்கு வேலை இருக்கிறது. இடைவெளி இல்லையென்றால் தசை குட்டையாகிவிட்டது. எண் வேண்டும் என்கிறவர்கள் குறைந்தபட்சம் இந்த எண்ணையாவது எழுதட்டும்.

இன்னொன்றையும் கிரேடு மறைக்கிறது. தண்டுவடம் அடிபட்டவருக்கு நேற்றுவரை சமாளிக்க முடிந்த விறைப்பு இன்று திடீரென்று கூடினால், அவர் நோய் முற்றிவிட்டது என்று எண்ணி மாத்திரையைக் கூட்டுகிறார்கள். சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், மடங்கிய சிறுநீர்க் குழாய், சதைக்குள் வளர்ந்த கால்நகம், முதுகில் படுக்கைப் புண் என்று ஏதோ ஒன்று அடியில் இருக்கும். வலியை உணர முடியாத உடம்பு அதை விறைப்பாகத்தான் சொல்லும். நாளும் பொழுதும் என்ன மாறியது என்று கேட்கிறவருக்கு இது அகப்படும். படுக்க வைத்து மடக்கிப் பார்க்கிறவருக்கு 3 என்பது 4 ஆனது மட்டுமே தெரியும்.

எதிர்த்தரப்பு சொல்வதில் மூன்று எனக்குக் கனமாகப் படுகிறது.

ஒன்று, நேரம். புறநோயாளிப் பிரிவில் வரிசை வராந்தா வரை நிற்கிறது, கதை கேட்க நேரமேது என்கிறார்கள். நேரமில்லை என்பது உண்மை. ஆனால் ஆறு மூட்டுகளை மடக்கிப் பார்க்கும் நேரத்தில் நாலு கேள்வி கேட்டுவிடலாம். குளிப்பாட்ட, உடுத்த, கழுவத் தடையாக இருக்கிறதா? அவரே செய்கிற எந்தக் காரியத்தை இது கெடுக்கிறது? எதற்கு உதவியாக இருக்கிறது? வலிக்கிறதா, தூக்கத்தைக் கெடுக்கிறதா? வரிசையில் நிற்கும்போதே நர்ஸோ பிசியோவோ கேட்டு எழுதிவிட முடியும். வீட்டாருக்கு இதில் பதில் தயாராக இருக்கும். யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, விளைவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், அறிவியலுக்கு அது ஒத்துவராது என்பது. கனடாவின் ஒன்டாரியோவில் 1997-இல் உருவான இயக்கத்திறன் வகைப்பாடு, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை எப்படி நகர்கிறது என்பதை மட்டும் வைத்து ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. பெற்றோர் போட்ட நிலையும் மருத்துவர் போட்ட நிலையும் நன்றாகவே ஒத்துப்போவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கைகளுக்கு 2006-இல் சுவீடனிலிருந்து அதேபோல ஒன்று வந்தது. 5 மீட்டர், 50 மீட்டர், 500 மீட்டர் தூரத்துக்குப் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு போகிறது என்று கேட்கும் அளவுகோலும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் 5 மீட்டர் என்றால் வீட்டுக்குள், 50 என்றால் சந்து முனை, 500 என்றால் பஜார். இதைவிடத் தெளிவான அளவீடு எது?

மூன்றாவது வாதம் என் பக்கத்தையும் குத்துகிறது. இந்த அளவுகோல்களும் மேல்நாட்டில் பிறந்தவைதானே என்பது அது. ஆமாம், அதனால்தான் அப்படியே எடுத்து ஒட்டவும் கூடாது. கெண்டைக்கால் லேசாக விறைத்த ஒரு பெண் சமதரையில் நன்றாக நடப்பாள்; எந்த அளவுகோலிலும் மேல்நிலையில் நிற்பாள். இந்தியன் டாய்லெட்டில் குத்தவைக்க அவளால் முடியாது. குதிகால் தரையில் படியாமல் பின்னால் சாய்வாள். தொழுகையில் மண்டியிட்டு அமர வேண்டியவர், பந்தியில் சம்மணம் போட வேண்டியவர், சோற்றைப் பிசைந்து உண்ண வேண்டியவர், புடவைக் கொசுவத்தை இரண்டு கையால் பிடிக்க வேண்டியவர் என்று நம் அன்றாடத்துக்கென்று கேள்விகள் இருக்கின்றன. அவற்றை எழுத வேண்டியவர்கள் நாம்தான். வாழும் இடத்தை விட்டுவிட்டு விளைவைக் கேட்டால் அதுவும் பாதிதான்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளி யார் என்று சொல்லும்போது, நீண்டகாலக் குறைபாடு தடைகளோடு சேர்ந்து ஒருவர் சமூகத்தில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதைத் தடுப்பதையே அடிப்படையாக வைக்கிறது. தடைகள் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. கைப்பிடியில்லாத படிக்கட்டு தடைதான். ஆனால் சலுகை என்று வந்ததும் 40 சதவீதம் என்ற வாசலில் நிறுத்தி, அந்தச் சதவீதத்துக்கு உடம்பை மட்டும் பார்க்கிறோம். பங்கேற்பு என்று சட்டம் சொன்னது சான்றிதழில் காணாமல் போகிறது.

மாத்திரை கூடியதும் மாடியில் அடைபட்ட அந்தப் பெயின்டருக்கு வியாழக்கிழமைதோறும் விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிற பழக்கம் இருந்தது. பக்கத்துப் பேட்டைதான், ஆட்டோவில் ஏறினால் நொடியில் போய்விடலாம். ஆட்டோ வரைக்கும் இறங்குவதுதான் பாடு. அவருடைய சீட்டு இப்படி இருந்திருக்க வேண்டும்: 'வலது கால் விறைப்பின் துணையால் நிற்கிறார், படி இறங்குகிறார், இதைக் குறைக்கக் கூடாது. கணுக்கால் உள்பக்கம் திரும்புவதால் இறங்கும்போது தடுக்குகிறது. அதற்கு மட்டும் ஸ்பிளிண்ட், தேவைப்பட்டால் அந்தத் தசைக்கு மட்டும் ஊசி. படிக்கட்டின் இடது சுவரில் கைப்பிடிக் குழாய் போட வீட்டுக்காரரிடம் பேச வேண்டும். இலக்கு: மூன்று மாதத்தில் வியாழக்கிழமை கோயில்.' இதற்குக் கீழே, இடமிருந்தால், ஹெமிப்ளீஜியா, கிரேடு 3 என்றும் எழுதிக்கொள்ளலாம்.